விளம்பரத்தின் மூன்றாவது வரி

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீளமான கேள்வி இல்லை, மூன்றே வார்த்தை. கேட்ட நொடியிலிருந்து மனசு சரியில்லை. சாப்பாடு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது... பொய் சொல்லக் கூடாது. ஆனால் காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஷேவ் செய்வதுதான் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

என்ன கேள்வி என்று சொல்வதற்கு முன்னால், எனக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு வியாதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இன்டர்நெட்.

காலேஜ் விடுமுறைக்கு வந்த என் மகள் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, வீட்டுப் போன் லைனை அதில் செருகினாள். "அப்பா, இனிமே உலகமே உங்க மேசையில" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உலகம் வரவில்லை. சண்டைதான் வந்தது.

நம் நாட்டு அரசியலைப் பேசுவதற்கென்று ஓர் ஈமெயில் குழு இருக்கிறது. 'லிஸ்ட்' என்பார்கள். நாம் ஒரு மடல் எழுதினால் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது போய்ச் சேரும். சீனர், மலாய்க்காரர், நம்மவர், வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகள் என்று எல்லாரும் அங்கே ஆங்கிலத்தில் அடித்துக்கொள்வார்கள். ரொம்ப மரியாதையாக! 'வித் டியூ ரெஸ்பெக்ட்' என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்த வரியில் மரியாதை இருக்காது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

எதில் ஆரம்பித்தாலும் பேச்சு இனத்தில்தான் வந்து முடியும். சாலையில் குழி என்று ஒருவர் எழுதுவார். மூன்றாவது பதிலில், அந்தக் குழி எந்த இனத்தவர் இருக்கும் பகுதியில் இருக்கிறது என்று ஆராய்ச்சி தொடங்கும். ஐந்தாவது பதிலில், 'உங்கள் ஆட்கள் மட்டும் என்ன யோக்கியமா?' என்று யாராவது கேட்பார்கள். ஆறாவது பதில் என்னுடையதாக இருக்கும்.

ஆமாம், வாராவாரம் இந்தத் தமிழ்ப் பத்திரிகையில் உங்களோடு சாந்தமாகப் பேசுகிற இதே ஆள்தான். அங்கே என்னை நீங்கள் பார்க்க வேண்டுமே... நெருப்பு! இனவாதம், இரட்டை அளவுகோல் - இந்த இரண்டு சொற்களையும் இத்தனை தடவை என் வாழ்நாளிலேயே எழுதியதில்லை. எழுதி என்ன ஆயிற்று? யாராவது ஒருத்தர், 'அடடா, நான் நினைத்தது தப்பு' என்று சொன்னதுண்டா? இல்லை. நானும் சொன்னதில்லை. ஒரே சண்டையைத் திங்கட்கிழமை வேறு தலைப்பில் ஆரம்பிப்போம். அலுத்துப் போய்த்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கு வேறு போன் வராது, போகாது. "எங்கக்கா கிள்ளான்லேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாளாம். நீங்க அங்க நாட்டத் திருத்திக்கிட்டு இருந்தீங்க" என்பாள் என் மனைவி சரோஜா.

இன்னொன்று. அந்த லிஸ்டில் பாதிப் பேர் புனைபெயரில் எழுதுகிறவர்கள். எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு மடலின் அடியிலும் என் பெயரும் வீட்டுப் போன் நம்பரும் தானாகவே வந்து விழும்படி மகள் செய்து கொடுத்திருந்தாள். ஒளிந்துகொண்டு பேசுகிறவன் நானில்லை என்று அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

அங்கே எனக்குக் கிடைத்த ஒரு தோழர் குணா. முகம் பார்த்ததில்லை, எழுத்தில்தான் பழக்கம். பந்திங்கில் இருக்கிற இளைஞர், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மனைவி தேவி, பி.ஜே. என்கிற பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏழு மாத கர்ப்பம். தினமும் பந்திங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறார். பிரசவத்துக்குள் பி.ஜே. பக்கம் ஒரு வீடு பார்த்துவிட வேண்டும் என்று குணா அலைந்துகொண்டிருந்தார்.

அந்த அலைச்சலைத்தான் ஒரு நாள் லிஸ்டில் எழுதினார். ஆங்கிலப் பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போன் செய்வாராம். நல்ல ஆங்கிலம் பேசுகிற பிள்ளை. மறுமுனையில் இனிக்க இனிக்கப் பேசுவார்களாம். கடைசியில் ஒரு கேள்வி வருமாம், நீங்கள் சீனரா என்று. 'இல்லை, இந்தியர்' என்றதும், 'ஓ, சாரி, வீடு போய்விட்டது.' அடுத்த நாள் பேப்பரில் அதே வீடு அப்படியே இருக்கும். போனில் கேட்காதவர்களும் நேரில் பார்த்ததும் அதையே சொல்வார்களாம். இப்படி ஏழு வீடு.

படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்த சூட்டிலேயே இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு மனிதனின் குரலைக் கேட்டுப் பேசிவிட்டு, இனத்தைக் கேட்டுக் கதவைச் சாத்துகிறவர்களுக்கு நாட்டின் நீதியைப் பற்றிப் பேச என்ன அருகதை என்று கேட்டேன். எழுதியதை நானே நாலு தடவை படித்து ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுபாங்கிலிருந்து எழுதுகிற ஒரு சீனர் பதில் போட்டார். 'இது இனவாதம் இல்லை, பிசினஸ். உங்கள் இந்தியர்களே தங்கள் வீட்டை இந்தியருக்குக் கொடுப்பதில்லை, தெரியுமா?'

எனக்கு வந்ததே கோபம்! செவ்வாய்க்கிழமை சவால் விட்டேன். 'அப்படி ஒருவரைக் காட்டுங்கள். ஒரே ஓர் இந்திய வீட்டுக்காரர். காட்டினால் இதே இடத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுவிட்டு லிஸ்டை விட்டே போய்விடுகிறேன்.' அடியில் வழக்கம்போல என் பெயர், போன் நம்பர்.

சரியாக இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, என் வீட்டை வாடகைக்கு விட விளம்பரம் கொடுக்கப் போனேன்.

நாங்கள் இருப்பது பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில். பி.ஜே.யில் எங்களுக்கு ஒரு டெரஸ் வீடு, வரிசை வீடுகளில் ஒன்று, உண்டு. முதலில் அதில் மிஸ்டர் லிம் என்று ஒரு சீனர் குடியிருந்தார். அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுத் தூங்கிப்போய், குசினிக் கூரையையே கரியாக்கினார். அவருக்குப் பிறகு வந்தவர் நம்மவர், லோரி ஓட்டுகிறவர். சாமி படம் மாட்டச் சுவரெல்லாம் ஆணி அடித்தார். ஞாயிற்றுக்கிழமை பாட்டைச் சத்தமாக வைப்பார். லோரியைப் பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு எதிரே நிறுத்தினார் என்று புகார் வந்தது. போன மாதம் காலி செய்தார்.

இப்போது கவனியுங்கள். கூரை கரியானபோது நாங்கள் திட்டியது லிம்மை. சுவரில் ஓட்டை விழுந்தபோது திட்டியது யாரை? "நம்ம ஜனங்களே இப்படித்தான்" என்றாள் சரோஜா. நான் 'ஆமாம்' என்றேன். ஓர் ஆள் செய்ததற்கு ஓர் இனமே பொறுப்பா என்று லிஸ்டில் குறைந்தது மூன்று தடவை கேட்டிருக்கிற அதே நான்!

பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்டேஷனரி கடை. நோட்டுப் புத்தகம், பேனாவோடு ஆங்கிலப் பேப்பருக்கு விளம்பரமும் வாங்குவார்கள். கடையைப் பார்த்துக்கொள்வது ராணி அக்கா. மூன்று வரிக்குக் குறைந்து விளம்பரம் எடுக்க மாட்டார்கள். முதல் வரியில் வீடு. இரண்டாவது வரியில் போன் நம்பர்.

"மூணாவது வரி வழக்கம்போலத்தானே சார்?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார் ராணி அக்கா.

"ம்" என்றேன்.

அவர் எழுதினார் - 'சைனீஸ் ப்ரிஃபர்ட்.' சீனருக்கு முன்னுரிமை.

அவ்வளவுதான் நடந்தது. நான் யோசிக்கவில்லை. கோபமாகவோ வெறுப்பாகவோ சொல்லவில்லை. கடைக்கு வெளியே வந்து நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே டீ குடித்தேன். லிஸ்டில் அடுத்து என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். எழுதுகிற கை ஓர் உலகத்தில் இருந்தது, அந்த 'ம்' வேறோர் உலகத்தில் இருந்தது. இரண்டும் ஒரே ஆளுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் வந்தது. காலை முழுக்க நான் லிஸ்டில் இருந்தேன். மத்தியானம் லைனை விட்டதும் போன் அடித்தது. ஓர் ஆண் குரல், அழகான ஆங்கிலம். வீடு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எத்தனை ரூம், பஸ் ஸ்டாப் பக்கமா, எப்போது வந்து பார்க்கலாம் என்று எல்லாம் நிதானமாகக் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

அப்போதுதான் அந்த மூன்று வார்த்தையைக் கேட்டேன்.

"யூ ஆர் சைனீஸ்?"

  அதே குரல் இப்போது தமிழில் வந்தது.

"இல்ல சார். நான் குணா. பந்திங் குணா."

உட்கார்ந்துவிட்டேன்.

"காலையிலேர்ந்து டிரை பண்றேன் சார், லைன் எங்கேஜாவே இருந்துச்சு. பேப்பர்ல நம்பரப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. உங்க மெயிலுக்கு அடியில தெனமும் பாக்கற நம்பர்தானே? சைனீஸ்னு போட்டிருந்துச்சு. அது சார் போட்டிருக்க மாட்டாரு, ஏஜென்ட்டு தப்பாப் போட்டிருப்பான்னு தேவிகிட்ட சொல்லிட்டுத்தான் அடிச்சேன். எடுத்தது சாரா ஏஜென்ட்டான்னு தெரியல, அதான் மொதல்ல பேரச் சொல்லல..."

 அவர் எனக்காக ஒரு சாக்கைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார். அதை நானே வாயைத் திறந்து உடைத்துவிட்டேன்.

"இல்ல குணா... அது வந்து... சும்மா வழக்கமாப் போடறதுதான்..." உளறினேன். கடைசியில், "இன்னைக்கே வாங்க. வீட்டப் பாருங்க. உங்களுக்குத்தான் வீடு" என்றேன். சவாலில் தோற்றுவிடக் கூடாது என்ற பயமும் அந்தத் தாராளத்தில் கலந்திருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பி.ஜே. வீட்டுக்கு வந்தார்கள். குணா ஒல்லியாக, கண்ணாடி போட்டு, எழுத்தில் தெரிந்ததைவிடச் சின்னப் பிள்ளையாக இருந்தார். தேவிக்கு நடக்கும்போதே மூச்சு வாங்கியது. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. சரோஜா ஓடிப் போய் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நானும் சிரிப்பும் பேச்சுமாக ஒவ்வொரு ரூமாகக் காட்டினேன். அந்த வீட்டை யாருக்கும் நான் அப்படிக் காட்டியதில்லை.

தேவி மட்டும் ஹாலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசி அடைத்த ஆணி ஓட்டைகள்.

"நாங்க ஆணி அடிக்க மாட்டோம் சார்" என்றார்.

நான் ஒன்றுமே சொல்லவில்லையே!

அவர் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து சொல்கிற மாதிரி ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனார். "ஊதுபத்தி மட்டுந்தான், சாம்பிராணி போட மாட்டோம். குசினியில ஃபேன் வச்சு அந்தக் கறி வாசத்த வெளிய விட்டுருவோம். சொந்தக்காரங்க கூட்டம் வராது. பாட்டு சத்தமா வைக்க மாட்டோம். இவரு குடிக்க மாட்டாரு."

"என்னம்மா இது... நானும் தமிழன்தானே? எங்க வீட்லயும் கறிதானே கொதிக்குது?"

"பாக்கப் போன வீட்லல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிப் போச்சு சார். அதுல ரெண்டு தமிழங்க வீடு" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. களைத்துப் போன குரல்.

குணா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஏழில் இரண்டு தமிழர் வீடு என்று லிஸ்டில் அவர் எழுதவே இல்லை.

 இனவாதத்தைப் பற்றி நான் எழுதிக் குவித்த பக்கங்களில் எங்கேயாவது இது இருந்ததா? ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண், நாங்கள் நல்லவர்கள் என்று ஒவ்வொரு ஹாலிலும் நின்று ஒப்பிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி? இல்லை. என் பக்கங்களில் நாடு இருந்தது, நீதி இருந்தது, நிறைய நான் இருந்தேன்.

சாவியை நீட்டினேன். "இப்பவே வச்சுக்குங்க."

குணா வாங்கவில்லை. "நாளைக்குச் சொல்றேன் சார்."

மறுநாள் போன் வந்தது. "வேணாம் சார். கிள்ளான்ல ஒரு வீடு கெடச்சிருக்கு. சீனக் கிழவரு, மார்க்கெட்ல கேக்கற கொச்ச மலாய்தான் பேசறாரு. நாய் வச்சிருக்கியான்னு மட்டும் கேட்டாரு. இல்லேன்னேன். சரின்னுட்டாரு."

"கிள்ளானா? தேவி தெனமும் ஒரு மணி நேரம் பஸ்ல வரணுமே குணா! என் வீட்லேர்ந்து நடந்தே போயிரலாம். பத்து நிமிஷம்."

"சொன்னேன் சார். அவதான் வேணாங்கிறா. உங்க வீட்ல இருந்தா எந்நேரமும் ஒழுங்கா இருந்து காட்டிக்கிட்டே இருக்கணுமாம். பிள்ள பொறந்து அழுதாக்கூட பயமா இருக்குமாம்."

 அவர் சொன்னது உண்மை. சாவியைக் கொடுத்திருப்பேன்தான். மாதம் ஒரு தடவை ஏதாவது சாக்கில் போய்ச் சுவரையும் பார்த்திருப்பேன்.

போனை வைப்பதற்கு முன்னால் இன்னொரு கேவலமான கேள்வியும் கேட்டேன். அதையும் மறைக்கப் போவதில்லை. "குணா... இத லிஸ்ட்ல போடப் போறீங்களா?"

அவர் கொஞ்சம் சிரித்தார். "எதுக்கு சார்? போட்டா அந்த சுபாங் ஆளு ஜெயிச்சிருவான்."

இதுதான் எங்கள் அரசியல். என் குற்றத்தால் அடிபட்டவரே என் குற்றத்தை மூடி மறைக்கிறார், 'அவர்கள்' ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக. சுபாங்கிலும் யாரோ ஒரு நல்ல மனிதர், தன் பக்கத்து ஆளின் அசிங்கத்தை இதே காரணத்துக்காக மூடிக்கொண்டிருப்பார். இப்படி எல்லாரும் எல்லாரையும் காப்பாற்றிவிடுகிறோம். வீடு கிடைக்காதவர்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தேவி இந்த வாரம் கிள்ளானிலிருந்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். குணா அதன் பிறகு லிஸ்டில் எதுவும் எழுதவில்லை.

வீடு காலியாகத்தான் இருக்கிறது. நேற்று ராணி அக்கா கடைக்குப் போய், அந்த மூன்றாவது வரியை எடுத்துவிடச் சொன்னேன்.

"எடுத்தாலும் காசு கொறையாது சார். மூணு வரி மினிமம்."

"அப்படின்னா எல்லா இனத்தவரும் வரலாம்னு போடுங்க."

ராணி அக்கா பேனாவை நிறுத்திவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "இப்படி யாரு சார் போடுவாங்க? படிக்கிறவங்க வீட்ல ஏதோ கோளாறுன்னு நெனைப்பாங்க."

"கோளாறு வீட்ல இல்லக்கா. நீங்க போடுங்க" என்றேன்.

சரி, என் சவால்? அது அங்கேயே கிடக்கிறது. ஒரு வாரமாகியும் யாரும் ஒரு பெயரைக்கூடக் காட்டவில்லை என்று என் பக்கத்து ஆட்களுக்கு ஏகப்பட்ட குஷி. வாயடைக்க வைத்துவிட்டீர்கள் என்று பாராட்டி நாலு மடல் வந்திருக்கிறது. காட்ட வேண்டிய ஆள் யார் என்று எனக்கும் குணாவுக்கும் சரோஜாவுக்கும் தேவிக்கும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

உங்களிடம் சொல்வது சுலபமாக இருந்தது. நமக்குள்தானே என்று கை தானாகவே எழுதிவிட்டது. ஆனால் நான் சவால் விட்டது ஆங்கிலத்தில், அவர்கள் முன்னால். மன்னிப்பும் அங்கேதான் கேட்க வேண்டும். மூன்று நாளாக அந்த மடலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னும் 'டியர் ஆல்' தாண்டவில்லை.